முப்பத்திரண்டில் எது? உப்புக்காற்று ஊருக்கு ஒரு தோட்டா

என் அக்கா மகன் தொண்டியில் நண்டு கம்பெனி நடத்துகிறான். விடியற்காலையில் கரையேறும் படகுகளுக்கு அங்கேயே பணம் பட்டுவாடா செய்தாக வேண்டும். அதனால் முந்தின நாள் மாலை ராமநாதபுரம் வந்து ரொக்கம் எடுத்துக்கொண்டு, இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தனியாகத் திரும்புவான். தேவிபட்டினம் தாண்டி ஆள் நடமாட்டமில்லாத ஓரிடத்தில் இரண்டு பேர் ஒரு முறை அவன் வண்டியை மறித்தார்கள். எதிரே ஒரு லாரி வந்ததால் தப்பினான். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் வந்தது. எந்த வகை, எந்த அளவு என்று படிவத்தில் எழுத வேண்டிய இடம் வந்ததும் என்னிடம் வந்தான்.

"மாமா, ஒன்பது எம்எம் என்று எழுதிவிடட்டுமா?"

இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தவன் நான். கடைசிச் சில ஆண்டுகள் ஆயுதப் பயிற்சி கொடுக்கும் வேலை. இந்தக் கேள்வியை இந்த மாவட்டத்தில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் துப்பாக்கியின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். தோட்டாவில் தொடங்குவதே முறை. துப்பாக்கி என்பது தோட்டாவை வைத்துச் சுடுவதற்கான கருவி மட்டுமே. எவ்வளவு தூரம், எவ்வளவு உதைப்பு, எங்கே கிடைக்கும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதையெல்லாம் தோட்டாதான் தீர்மானிக்கிறது.

ஒன்பது மில்லிமீட்டரை முதலில் பேசிவிடுகிறேன். எனக்கு அது மிகவும் நெருக்கமானது. ஜெர்மனியில் கியோர்க் லூகர் 1902 வாக்கில் உருவாக்கிய தோட்டா அது. பாராபெல்லம் என்ற பெயர், அமைதியை விரும்பினால் போருக்குத் தயாராகு என்ற லத்தீன் வாசகத்திலிருந்து வந்தது. குண்டின் எடை ஏழரை கிராம் அளவு. குழலை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு சுமார் 350 மீட்டர் வேகம். ஒலியின் வேகத்தை ஒட்டியோ தாண்டியோ போவதால்தான் அதன் சத்தம் சாட்டையைச் சொடுக்கியதுபோல் கேட்கிறது. ஆற்றல் 450 முதல் 500 ஜூல்.

நாங்கள் அதைக் கைத்துப்பாக்கியில் சுட்டதைவிடக் கார்பைன் என்ற சிறிய தானியங்கித் துப்பாக்கியில் சுட்டதே அதிகம். ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் ஆயுதத்தைக் கான்பூரில் செய்து கொடுத்தார்கள். மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டி, இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் 34 தோட்டாக்கள். புதிதாக வரும் பையன்கள் மேகசின் ஏன் வாழைப்பழம்போல் வளைந்திருக்கிறது என்று கேட்பார்கள். நான் பத்துப் பன்னிரண்டு தோட்டாக்களை மேசைமேல் ஒட்டி ஒட்டி அடுக்கிக் காட்டுவேன். 9 மி.மீ. தோட்டாவின் கூடு, அதாவது மருந்தை அடக்கிய பித்தளைக் குப்பி, அடியில் 9.9 மில்லிமீட்டர், வாயில் 9.65 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால் மில்லிமீட்டர்ச் சரிவு, அடுக்க அடுக்கச் சேர்ந்து, வரிசை தானாகவே வளையும். மேகசினும் அந்த வளைவைப் பின்பற்றியே செய்யப்பட்டிருக்கிறது. அந்தச் சரிவால்தான் தோட்டா அறைக்குள் தடையின்றி நுழைகிறது, சுட்ட கூடு ஒட்டிக்கொள்ளாமல் வெளியே வருகிறது. கூட்டின் பின்புறத்தில் துருத்திய விளிம்பு கிடையாது. ஆகவே மேகசினுக்குள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதும் இல்லை. ஒரே தோட்டா கைத்துப்பாக்கிக்கும், அதே தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் சப்மெஷின் கன்னுக்கும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொருந்தி வருவதற்கு இதுவே பெரிய காரணம். இதன் அழுத்தம் மிதமானது. தோட்டாவின் பின்னால் அடைத்து நிற்கும் கனமான போல்ட்டும் ஒரு சுருள்வில்லும் இருந்தால் இயக்கத்தை அடக்கிவிடலாம். ரைஃபிள் தோட்டாவை அப்படி அடக்க முடியாது.

.45 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) இதற்கு எதிர்முனை. .45 போன்ற எண்கள் அங்குலக் கணக்கில் சொல்லும் அளவுகள். துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரௌனிங் 1905 வாக்கில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்தது. தாம்சன் சப்மெஷின் கன்னும் இதைத்தான் சுட்டது. 15 கிராம் எடையுள்ள குண்டு, வேகம் 255 மீட்டர். ஆற்றலைக் கணக்கிட்டால் ஒன்பது மில்லிமீட்டருக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. ஒன்று இலேசான குண்டை வேகமாக அனுப்புகிறது, மற்றது கனமான குண்டை மெதுவாக அனுப்புகிறது. எது உயர்ந்தது என்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1986இல் மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பின் ஒன்பதைக் கைவிட்டுப் பெரிய அளவுக்குப் போனது. பின்னர் நல்ல குண்டுகள் வந்ததும், குறைந்த உதைப்பால் ஆட்கள் சரியாகச் சுடுகிறார்கள் என்று கண்டதும், ஒன்பதுக்கே திரும்பிவிட்டது. இந்தக் கடைசிக் காரணத்தை மருமகனிடம் இரண்டு முறை சொன்னேன். ஆற்றலைப் பார்த்து வாங்கியவர்கள், கை தாங்கும் அளவைப் பார்த்துத் திரும்பி வந்த கதை அது.

ஆனால் இவை எல்லாம் நமக்குப் பாடம் மட்டுமே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி 9 மி.மீ. பிஸ்டல், .38, .455 கைத்துப்பாக்கிகள் எல்லாம் தடைசெய்யப்பட்ட அளவில் வருகின்றன. காவல்துறையும் படைகளும் வைத்திருக்கும் அளவுகள் வெளியே புழங்கக்கூடாது என்பது ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் காரணம். தானியங்கி ஆயுதம் எதையும் குடிமகன் நினைக்கவே வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பின், தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை உரிமமின்றி வைத்திருந்தால் ஏழு ஆண்டுக்குக் குறையாமல் பதினான்கு ஆண்டு வரை சிறை. "யாரோ ஒருவர் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார்" என்று மருமகன் மெதுவாகத் தொடங்கியபோது, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். நாற்பது குடும்பங்களுக்கு வேலை கொடுக்கும் ஒருவன் இந்த விஷயத்தில் விளையாடக்கூடாது.

ஆக, ஆட்சியர் அலுவலகம் வழியாக ஒரு சாதாரண மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய கைத்துப்பாக்கி அளவுகள் .22, .32, .35, .380 ஆகியவைதான். இவற்றில் நடைமுறையில் தோட்டா கிடைப்பது .32க்கும் .22க்கும். .380 ஏசிபி நல்ல தோட்டா. ஒன்பது மில்லிமீட்டரின் குட்டித் தம்பி என்றே சொல்லலாம்: அதே விட்டம், கூடு மட்டும் 17 மில்லிமீட்டர். ஆனால் அதற்கான துப்பாக்கியையும் தோட்டாவையும் தேடி அலைந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். .35ஐ நான் கையில் தொட்டதே இல்லை.

மிச்சம் இருப்பது .32. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். முப்பத்திரண்டு என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சற்றும் பொருந்தாத இரண்டு தோட்டாக்கள் நம் நாட்டுக் கடைகளில் இருக்கின்றன. ஒன்று, சுழலும் உருளை உள்ள ரிவால்வருக்கான .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். மற்றது, மேகசின் போடும் பிஸ்டலுக்கான .32 ஏசிபி, அதாவது 7.65 மில்லிமீட்டர். மண்டபத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவரிடம் உரிமத்தோடு இரண்டும் இருக்கின்றன. அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மருமகனைப் பார்க்கச் சொன்னோம்.

ரிவால்வர் தோட்டா உயரமானது, முப்பத்திரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உயரத்தில் ஒன்பது எம்எம் தோட்டாவையும் மிஞ்சும். உச்சியில் சாம்பல் நிற ஈயக் குண்டு, நகத்தால் அழுத்தினால் கோடு விழும். அடியில் தட்டுபோல் நன்றாகத் துருத்திய விளிம்பு. பிஸ்டல் தோட்டா இருபத்தைந்து மில்லிமீட்டர்தான். குண்டின்மேல் செம்பு நிற உறை பளபளக்கிறது. அதன் விளிம்பை விரல் நுனியால் தடவினால்தான் தெரியும், மயிரிழை அளவு துருத்தியிருக்கிறது. மருமகன் உயரமானதைக் கையில் எடுத்து, "இதுதான் பலம் அதிகமா, மாமா?" என்றான். அப்படி இல்லை. லாங் 1896இல் வந்தது. அது 6.3 கிராம் ஈயத்தை 215 மீட்டர் வேகத்தில் அனுப்பும், சுமார் 150 ஜூல். பிரௌனிங் 1899இல் வடிவமைத்த ஏசிபி 4.6 கிராமை 275 மீட்டரில் அனுப்பும், சுமார் 175 ஜூல். இரண்டுமே ஒன்பதில் பாதியைக்கூட எட்டாதவை. ஒன்றுக்கொன்று உள்ள இருபத்தைந்து ஜூல் வித்தியாசத்தை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவு அந்த விளிம்பில்தான் இருக்கிறது. ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி அறை. விளிம்பு அறையின் வாயில் உட்கார்ந்து தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும், சுட்ட பின் கூட்டை வெளியே தள்ளவும் அதுவே பிடி. அடுத்த தோட்டாவோடு அதற்கு எந்தச் சண்டையும் இல்லை. பிஸ்டலில் தோட்டாக்கள் மேகசினுக்குள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து நிற்கின்றன. ஏசிபியின் அரைகுறை விளிம்பு, மேலே உள்ளது கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் நழுவினால் மாட்டிக்கொள்ளும். அப்போது மேகசினைக் கழற்றி விரலால் நெம்பினால்தான் விடும். சரியான நீளமுள்ள தோட்டாவைக் கவனமாக அடுக்கினால் இது அரிது. ஆனால் நீளம் குறைந்த குண்டு உள்ள தோட்டாவைப் போட்டால் உள்ளே முன்பின் ஆட இடம் கிடைத்து, நழுவும் வாய்ப்பு கூடும். இதே ஏசிபியைச் செக்கோஸ்லோவாகியாவில் ஸ்கார்ப்பியன் என்ற சிறிய சப்மெஷின் கன்னிலும் பயன்படுத்தினார்கள். எனவே தோட்டாவைக் குறை சொல்ல மாட்டேன். அது நல்ல பராமரிப்பையும் பழக்கத்தையும் கேட்கிற தோட்டா, அவ்வளவுதான்.

பிஸ்டலுக்கு ஆதரவாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். தட்டையாக இருக்கும், இடுப்பில் தெரியாது. ரிவால்வரின் ஆறைவிடக் கூடுதல் தோட்டா பிடிக்கும். விசை இலேசானது. ரிவால்வரின் விசையை முழுதாக இழுக்க நல்ல விரல் பலம் வேண்டும், பழகாதவன் இழுக்கும்போது குழல் ஆடிக் குறி தப்பும். திரும்ப நிரப்புவதும் மெதுவான வேலை. உள்நாட்டில், மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் ஒருவர், மாதம் ஒரு முறை சுடும் தளத்துக்குப் போகிறவர், பிஸ்டல் எடுத்தால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் நாம் இருப்பது கடற்கரையில். இந்த ஊர்க் காற்று என்ன செய்யும் என்பதை வெளியூர்க்காரர்கள் எழுதும் ஒப்பீடுகள் எதுவும் கணக்கில் எடுப்பதில்லை. பாம்பனில் கடலைப் பார்த்த வீடு ஒன்றில், முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் தன் தோட்டாக்களைத் தோல் பட்டையின் வளையங்களில் செருகி, சுவர் அலமாரியில் தொங்கவிட்டிருந்தார். ஆடியில் வைத்தது, வாடைக்காற்றுக் காலம் முழுதும் அங்கேயே இருந்து, சித்திரையில் எடுத்தார். பட்டையிலிருந்து ஒன்றை உருவியபோது பித்தளைக் கூட்டைச் சுற்றித் தோல் தொட்ட இடம் முழுவதும் பச்சைக் களிம்பு வளையமாகப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது, அடியில் பித்தளை சொரசொரப்பாக அரித்திருந்தது. தோலைப் பதப்படுத்தும் சரக்கும் உப்பு ஈரமும் சேர்ந்தால் பித்தளைக்கு இந்தக் கதிதான். பார்வைக்குத் தெரிவது கூடு. தெரியாதது, ஈரம் பிரைமருக்குள்ளும் (ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்துக்குள்ளும் போயிருக்கிறதா என்பது.

அப்படிக் களிம்பு பிடித்த தோட்டாக்களைச் சுடக்கூடாது. அவற்றை விதிப்படி ஒப்படைத்துவிட வேண்டும். ஆனால் பார்வைக்குக் குறை எதுவும் தெரியாத, அதே வீட்டில் அட்டைப்பெட்டியில் இருந்த தோட்டாக்களை அவர் தளத்துக்குக் கொண்டுவந்தார். நானும் கூட இருந்தேன். மூன்றாவது தோட்டாவில் வெடிச் சத்தம் வரவில்லை, 'டிக்' என்ற ஒலி மட்டும். இப்படி நேர்ந்தால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது விநாடியாவது அசையாமல் நிற்க வேண்டும், தாமதமாக வெடிக்கக்கூடும். நின்றோம். வெடிக்கவில்லை. திறந்து பார்த்தால் பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் நன்றாக ஆழமாக இருந்தது. துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது, தோட்டாதான் செத்துப்போயிருந்தது.

இதை நினைத்தே நான் ரிவால்வர் பக்கம் நிற்கிறேன். தளத்தில் முப்பது விநாடி காத்திருக்கலாம். இரவில், தேவிபட்டினம் சாலையில், செத்த தோட்டா ஒன்று வந்தால், ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் மறு கையால் மேற்பகுதியைப் பின்னால் இழுத்துச் செத்ததை வெளியே தள்ள வேண்டும். ஆயிரம் முறை பழகியவனுக்கு அது ஒரு விநாடி. ஆண்டுக்கு இரண்டு முறை சுடுகிற வியாபாரிக்குக் கை நடுங்கும் நேரத்தில் அது நினைவுக்கு வருமா? நான் படைவீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். வராது என்று எனக்குத் தெரியும். பழகவும் வாய்ப்பு குறைவு. இங்கிருந்து நல்ல தளத்துக்குப் போவதென்றால் ஒரு நாள் வேலை கெடும், தோட்டாவின் விலையும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் தனி.

இன்னொன்று, குறி. லாங் தோட்டாவைப் பழைய சரக்கு என்று ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. சர்வதேசப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் (கூட்டின் அடி நடுவில் பிரைமர் உள்ள தோட்டா) பிரிவில் பெரும்பாலோர் நம்பிச் சுடுவது இந்த .32 லாங்கைத்தான், தட்டை முனைக் குண்டோடு. ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 590 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். உதைப்பு மிகக் குறைவு. முதல் நாளிலேயே கண்ணை மூடாமல் சுட முடிகிறது.

அதற்காக .32இன் பலத்தைக் குறைத்தும் எடைபோட்டுவிடக்கூடாது. நண்டு கம்பெனிக்குச் சுற்றிலும் கீற்றுக் கொட்டகைகளும் ஓலை வேய்ந்த வீடுகளும்தான். கீற்று எந்தக் குண்டையும் நிறுத்தாது. அதைவிடச் சிறிய .22 பெட்டியின் மேலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள். அந்த இடத்தில் ஒன்பதின் பலம் கிடைக்கவில்லையே என்று மருமகன் வருந்தினால், அங்கே தூங்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளட்டும்.

அவன் தங்கைக்குப் பதில் வேறு. கல்லூரியில் என்சிசி முகாமில் .22 ரைஃபிள் சுட்டுப் பழகியவள், பிஸ்டல் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள். அவளிடம் யோசிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டியே .22 லாங் ரைஃபிள் தோட்டாவில்தான் நடக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேப்பிட் ஃபயர் போட்டிக்கும் அதே தோட்டா. 2.6 கிராம் குண்டு, ஏறக்குறைய உதைப்பே இல்லை, .32இன் விலையில் ஒரு சிறு பங்குதான். ஒரு நாளைக்கு நூறு சுட்டாலும் கை அலுக்காது. தற்காப்புக்கு மட்டும் அதை நான் சொல்லமாட்டேன். பலம் குறைவு என்பதற்காக அல்ல. இதற்குத் தனிப் பிரைமர் கிடையாது, பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. அது எல்லா இடத்திலும் சமமாகப் பரவாவிட்டால் 'டிக்' என்ற ஒலிதான் மிஞ்சும். சென்டர் ஃபயரைவிட இதில் அது அடிக்கடி நேர்கிறது. போட்டியில் அதற்கு மறு வாய்ப்பு உண்டு.

மருமகன் படிவத்தில் 'ரிவால்வர், .32' என்று எழுதினான். 2016 ஆயுத விதிகள் கேட்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும், வீட்டில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டுக்கும் இப்போதே தயாராகச் சொல்லியிருக்கிறேன். துப்பாக்கி வருவதற்கு முன் அவன் வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் எவர்சில்வர் டப்பா ஒன்று, அதற்குள் போட ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள், துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெய். இந்தப் பக்கத்தில் பலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள், மூன்று மாதத்தில் அது பிசினாகி உருளையைப் பிடித்துக்கொள்ளும். தோட்டாவில் எந்த எண்ணெயும் படக்கூடாது, அது கசிந்து பிரைமரைக் கெடுக்கும். தோல் உறை வெளியே எடுத்துச் செல்லும்போது மட்டும். தேர்தல் வந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், உறையைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய துணியில் சுற்றிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, பங்குனியில், பழைய தோட்டாக்களைத் தளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை டப்பாவில் வைக்க வேண்டும். அந்த நாளில் நானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.